அட்டையில்லாத புத்தகத்தின் மழை

தங்கப்பழத்தின் தலையில் முதல் மழை பெய்தது ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, வெயிலுகந்தபுரம் கிளை நூலகத்துக்குள், மின்விசிறிக்குக் கீழே. அன்றைக்கு ஊரில் வேறெங்கேயும் பொட்டுத் தூறல் கிடையாது, ஆடுகள் நிழல் தேடி மின்கம்பத்தை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, அப்பேர்ப்பட்ட வெயிலில் அவள் எழுந்து நின்று, "என் கையில இருக்கிறது அட்டை போன புஸ்தகம், பக்கம் முப்பத்தொண்ணு" என்று சொல்லி முடிக்கவும், கூரைக்கும் அவள் உச்சிக்கும் நடுவில் ஒரு முறம் அகலத்துக்குக் கருமேகம் கூடிச் சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

நூலகர் பால்பாண்டி செய்த முதல் காரியம், பக்கத்திலிருந்த அலமாரியை ஓரமாகத் தள்ளியது. "புஸ்தகம் நனையப்போகுதும்மா" என்று அவர் பதற, "புஸ்தகத்துல ஒரு சொட்டு விழல சார், நான்தான் நனையுதேன்" என்று தங்கப்பழம் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் காட்டினாள். உண்மைதான், தண்ணீர் அவள் தலையிலும் தோளிலும் இறங்கி ஓடியதே தவிரத் தாளைத் தொடவில்லை. பிறகு யாரோ பின்பக்கமிருந்து வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள், அடுத்த ஆள் எழுந்து தன் புத்தகத்தையும் பக்கத்தையும் சொன்னார், கூட்டம் அதுபாட்டுக்கு நடந்தது.

அந்த வாசகர் வட்டத்துக்கு ஒரே ஒரு வழக்கமும் ஒரே ஒரு சட்டமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து, கையில் இருக்கிற புத்தகம் எது, எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்லவேண்டும், அது வழக்கம். எந்தப் புத்தகத்தின் முடிவையும் யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது, அது சட்டம். இரண்டையும் உண்டாக்கியவள் ஜெயக்கொடி. தபாலாபீஸ் கவுண்டரில் தபால்தலை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாற்பத்தேழு வயதுக்காரி, இருபத்திரண்டு வருடமாக வட்டத்தின் செயலாளர், வாரத்துக்கு நான்கு புத்தகம் என்று நூலகரின் நோட்டு நிறைய அவள் பெயர்தான். ஊரில் யாருக்காவது ஒரு புத்தகத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால், "தபாலாபீஸ் அக்காகிட்டக் கேளு" என்பார்கள், அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்தாள்.

தங்கப்பழமோ தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளை வரிசை வரிசையாகக் கட்டையில் அடுக்குகிறவள். அறிவொளி வகுப்புக்குப் போய் முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள். விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று அவள் படிக்கிற வேகத்துக்கு எறும்பு கூடக் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அவள் மேலே போய் மழை பெய்தால் ஜெயக்கொடிக்கு எப்படி இருக்கும்? பொறாமை. இதற்கு மரியாதையாக வேறு பெயரெல்லாம் வைக்கவேண்டாம். அடிவயிற்றில் பச்சைமிளகாயை அரைத்து அப்பிய மாதிரி ஒரு காந்தல், அன்றைக்கு உட்கார்ந்தது அப்புறம் இறங்கவேயில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த அட்டையில்லாத புத்தகம் வருடக்கணக்காக அலமாரியின் கடைசித் தட்டில் கிடந்தது. முன்னட்டை, பின்னட்டை, முதல் நான்கு தாள், எல்லாம் போய்விட்டன, பேரும் தெரியாது, எழுதினவர் யாரென்றும் தெரியாது. ஜெயக்கொடி ஒரு தடவை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். பேர் இல்லாத புத்தகத்தைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று என்னவென்று சொல்வது? ஆனால் தங்கப்பழம் அதை எடுத்த அன்றைக்கு, "அதா? ஆறு வருஷத்துக்கு முன்னாடியே படிச்சாச்சே" என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்ததில்லை, வாய்ப் பழக்கத்தில் வந்தது.

சித்திரை பிறந்ததும் மற்றவர்களுக்கும் வந்துவிட்டது. யார் எந்தப் புத்தகத்தை நிஜமாகவே படித்துக்கொண்டிருக்கிறார்களோ, அந்தப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் என்ன பருவமோ, அது அவர்கள் தலைக்கு மேலே. ரிட்டயர்டான ரயில்வே கேங்மேன் தர்மக்கண்ணு பாலைவனத்துப் பயணக்கதை ஒன்றை எடுத்தார், அவர் நடந்துபோன தெருவெல்லாம் மணல் கொட்டிக் கிடந்தது. மலைநாட்டுக் கதை படித்த நர்ஸம்மா ஊசி போட வந்தால் நோயாளிகள் போர்வையோடு போனார்கள். பலருக்கு முறம் அகலம், சிலருக்குக் குடை அகலம், கெட்டிக்காரர்களுக்கு ஒரு கட்டில் அகலம்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நூலக வாசலில் ஒரு கரும்பலகையை நட்டு, யார் கையில் என்ன புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று பால்பாண்டி தினமும் காலையில் எழுதிப்போட்டார், வத்தல் காயப்போடுகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன படிக்கிறார் என்று தூது விட்டார்கள், மருமகள் படிக்கிற புத்தகத்தில் வெயில் என்று மாமியாரும், மாமியார் படிக்கிற புத்தகத்தில் புழுதி என்று மருமகளும் சண்டை போட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட ஊர், இப்போது நல்ல தென்றலாகப் படித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குப் பக்கத்துச் சீட்டுக்கு அடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் இது ஏன் நடக்கிறது என்று கேட்கிற ஆளே இல்லாமல் போய்விட்டது.

ஜெயக்கொடியின் தலைக்கு மேலே மட்டும் ஒன்றும் கிடையாது. வெறும் ஆகாயம்.

அவள் என்னதான் செய்யவில்லை! கடல் கதை படித்தாள், காட்டுக்கதை படித்தாள், மழைக்காலத்தில் தொடங்கி மழைக்காலத்திலேயே முடிகிற மூன்று பாகத்துக் கதையை இரண்டே நாளில் முடித்தாள், படித்துக்கொண்டே அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வீட்டில் அவளுடைய கணவர் குருசாமி, சைக்கிள் கடைக்காரர், பேப்பரில் ராசிபலனைத் தவிர எதையும் படிக்காத மனுஷன், கும்பத்துக்கு இன்று மன அமைதி என்று வாசித்த நேரத்தில் அவர் காது மடலை ஒரு இளங்காற்று தடவிவிட்டுப் போனது. "ஏ ஜெயா, இங்க பாரு, எனக்கும் அடிக்குது" என்று அவர் சின்னப்பிள்ளை போலச் சிரிக்க, அவள் அந்தப் பேப்பரைப் பிடுங்கிச் சுருட்டி அடுப்புக்குப் பக்கத்தில் எறிந்தாள், மத்தியானச் சோறு அவருக்குக் குழைந்துதான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தபாலாபீஸ் குழாயில் முந்தானையை நனைத்துத் தலையிலும் தெளித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து, "வழியெல்லாம் தூறல்" என்று சொன்னாள். வெயிலுகந்தபுரத்து வைகாசி வெயில், ஐந்து நிமிஷத்தில் முந்தானை மொடமொடவென்று காய்ந்துபோயிற்று. பால்பாண்டி எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார், சேலை காய்ந்ததற்கு அந்தக் காற்றுதான் காரணம் என்று இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த நல்ல மனசை அவளால் கடைசி வரைக்கும் மன்னிக்க முடியவில்லை.

தங்கப்பழத்தின் மழையோ நாளொரு சொட்டும் பொழுதொரு தாரையுமாகப் பெருகியது. அந்தப் புத்தகத்தில் வடிவு என்று ஒருத்தி, பெரிய ஆற்றங்கரையில் ஓடம் விடுகிறவள், அடைமழைக் காலம் முழுவதும் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடுகிறாள், அவ்வளவுதான் கதை என்று தங்கப்பழம் சொல்வாள், ஆனால் அந்த அவ்வளவைச் சொல்லும்போதே அவள் கண் கலங்கும், மேகம் இடிக்கும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி நமுத்துப் போகிறதென்று முதலாளி அவளைக் கட்டை அடுக்குவதிலிருந்து மாற்றி, வெளியே தகரக் கொட்டகையில் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு உட்காரவைத்தார். அவளைச் சுற்றி எட்டுப் பீப்பாயை அடுக்கினார். தண்ணீர் லாரி ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிற ஊர் அது. பெண்கள் அவள் வீட்டு வாசலில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், "யக்கா, இன்னிக்கு எத்தனை பக்கம் படிப்ப?" என்று கேட்டார்கள், பருத்திக்காட்டுக்காரர்கள் வண்டி கட்டிவந்து அழைத்துக்கொண்டுபோய் வரப்பில் நாற்காலி போட்டுப் படிக்கவைத்தார்கள்.

அந்த வரிசையில் ஜெயக்கொடியும் பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். நிற்காமல் என்ன செய்வாள், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "நீங்க ஏன்க்கா வரிசையில நிக்கீக, முன்னாடி வாங்க" என்று தங்கப்பழம் அவள் குடத்தை வாங்கித் தானே நிரப்பிக் கொடுத்தாள், அந்த மரியாதை ஜெயக்கொடிக்கு அறைந்ததுபோல இருந்தது. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பி நன்றாக வேறு இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆவணி மாதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நூலகம் கொள்ளாமல் கூட்டம், படிக்காதவர்கள் கூட வடிவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். தங்கப்பழம் எழுந்து, "என் கையில இருக்கிறது அதே புஸ்தகம், பக்கம் நானூத்திப் பன்னெண்டு" என்றாள். ஓடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வடிவு வெள்ளத்தில் இறங்கிவிட்டாள், நடு ஆற்றில் துடுப்பு ஒடிந்துவிட்டது என்று அவள் சொல்லச் சொல்ல ஒரு ஈ பறக்கிற சத்தம் கேட்கவில்லை, மழைச் சத்தம்தான். அத்தனை முகமும் அவளைப் பார்த்தன. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது, ஒரு முகமாவது தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சர்வ சாதாரணமாக, "அந்த வடிவு கடைசியில செத்துப்போவாளே, அந்த இடம் இன்னும் வரலையா?" என்று கேட்டாள்.

தன்னுடைய சட்டத்தைத் தானே உடைத்தாள்.

"செத்துருவாளா?" என்றாள் தங்கப்பழம்.

"ஆத்தோட போயிருவா. நான்தான் அப்பவே படிச்சேனே."

பால்பாண்டி, "ஏம்மா, என்னம்மா இது" என்று மட்டும் சொன்னார். தங்கப்பழம் அழவில்லை, கோபப்படவில்லை, புத்தகத்தை மூடி, மழை தாளைத் தொடாது என்று தெரிந்தும் பாலிதீன் பையில் வைத்துச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். மழை அவளோடு போயிற்று. ஜெயக்கொடி அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள், இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். மழை நின்றுவிடும் என்று நினைத்தாள்.

நிற்கவில்லை. மறுநாள் முறம் அகலம் போய்த் தெரு அகலமாயிற்று, வியாழக்கிழமைக்குள் தெரு போய் ஊர் அகலமாயிற்று. தங்கப்பழம் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அந்த ஒரு பக்கத்தையே காலையில் படித்தாள், மத்தியானம் படித்தாள், சாயங்காலம் படித்தாள், கடைசி வரிக்கு வந்ததும் தாளைத் திருப்பாமல் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள், இடி இடித்தது, நடு ஆற்றில் துடுப்பு ஒடிந்தது, மறுபடியும் ஒடிந்தது.

முதல் வாரம் ஊருக்குக் கொண்டாட்டம். கண்மாய் நிறைந்தது, கிணறுகள் நிறைந்தன, தண்ணீர் லாரிக்காரனைப் பார்த்துப் பெண்கள் கும்பிடு போட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் வத்தல் பூஞ்சணம் பூத்தது, துணி நாறியது, முருங்கை மரங்கள் வேரோடு சாய்ந்தன. மூன்றாம் வாரம் தீப்பெட்டி ஆபீஸ்களில் ஒரு குச்சி பற்றவில்லை. மருந்து முக்கின குச்சி காயாமல் பிசுபிசுத்தது, வேலை நின்றது, வேலை நின்றதும் அடுப்பும் நின்றது. ஆனாலும் தங்கப்பழத்தை யாரும் ஏசவில்லை. முதலாளி உட்பட எல்லாரும் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "தாயி, எப்படியாவது படிச்சு முடிச்சிரு" என்றார்கள்.

"நான் தாளைத் திருப்பினா அவ சாவா" என்றாள் தங்கப்பழம். "திருப்பாம இருந்தா, நனைஞ்சுக்கிட்டாவது இருப்பா. இப்பச் சொல்லுங்க, திருப்பவா?"

யாரும் திருப்பு என்று சொல்லவில்லை. அந்த ஊரில் அதற்குள் எல்லாரும் எதையாவது படித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்தக் கேள்வியின் கனம் அவர்களுக்குத் தெரிந்தது. தர்மக்கண்ணு தொப்பியைக் கழற்றித் தலைமயிரிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டு, "நியாயந்தான்" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

பிறகு அவர்கள் எங்கே போவார்கள்? ஜெயக்கொடியிடம்தான் வந்தார்கள். "அக்கா, அதைப் படிச்சு முடிச்ச ஒரே ஆளு நீங்கதான். வடிவு எப்படிச் செத்தா, வலியில்லாமப் போனாளா, கூட இருந்த பிள்ளைத்தாய்ச்சி என்ன ஆனா, கொஞ்சம் விவரமா எடுத்துச் சொன்னா அவ மனசு ஆறும்லா" என்று முதலாளி கும்பிட்டார். ஜெயக்கொடிக்குக் கையும் காலும் ஓடவில்லை. வடிவு சாகவேயில்லை, நான் வேறு புத்தகத்தை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். தங்கப்பழம் சும்மா விடுவாளா? எந்தக் கரையில் ஒதுங்கினாள், யார் தூக்கினார்கள், ஓடம் என்ன ஆயிற்று என்று விரல் வைத்துக் கேட்பாள். ஒன்றுக்காவது பதில் தெரியுமா? அந்த வடிவு நெட்டையா குட்டையா என்று கூட அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தண்ணீரில் கூட்டம் நடந்தது. நாற்காலிகளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயக்கொடி எழுந்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்த வழக்கமான வார்த்தை, என் கையில் இருப்பது, என்று தொடங்கியது, அதற்குமேல் வரவில்லை. தபாலாபீஸ் அக்காவிடம் கேளு என்று இனிமேல் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அந்தப் புஸ்தகத்தை நான் படிக்கல" என்றாள். "ஒரு தாள் கூடப் படிக்கல. வடிவு செத்துருவான்னு சும்மா சொன்னேன். எனக்குப் பொறாமை."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றது. நூலகர் தன்னுடைய நீளமான நோட்டைத் திறந்து, ஜெயக்கொடியின் பெயர் நிறைந்த பக்கங்களை ஒரு தடவை பார்த்து, மூடி வைத்தார். தங்கப்பழம் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்த பாலிதீன் பையை அவிழ்த்தாள்.

"அப்போ நீங்க படிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்கக்கா. என்னால ஆகாது. ஆனா இருக்கிற முதல் தாள்லேருந்து படிக்கணும். நடுவுலேருந்து படிச்சீகன்னா அவ உங்களுக்கு யாரோ எவளோ."

ஜெயக்கொடி தபாலாபீஸில் ஐந்து நாள் லீவு எழுதிக்கொடுத்தாள். முதல் நாள் அவள் புத்தகத்தைப் படிக்கவில்லை, தங்கப்பழத்தைத்தான் படித்தாள். தாளுக்குத் தாள் ஓரத்தில் தீக்குச்சி மருந்தின் சிவப்பு ரேகை, கடினமான வார்த்தைகளுக்கு அடியில் பென்சில் புள்ளி, தொண்ணூற்றாறாம் பக்கத்தில் காய்ந்துபோன ஒரு பருக்கை, வடிவை ஏமாற்றிவிட்டுப் போகிற வியாபாரிக்குப் பக்கத்தில் கோணல்மாணல் எழுத்தில் 'பாவி'. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரம் புத்தகத்தை இந்தக் கையில் எடுத்திருக்கிறேனே, ஒன்றிலாவது எவனையாவது பாவி என்று திட்டத் தோன்றியதா என்று நினைத்தாள். நினைத்து, தன் பங்குக்கு அந்த வியாபாரியைத் திட்டலாம் என்று பென்சிலை எடுத்தாள், எந்த வார்த்தையும் தங்கப்பழத்தைப் பார்த்து எழுதின மாதிரியே இருந்தது, வைத்துவிட்டாள்.

இருநூறாம் பக்கம் வாக்கில் எந்த இடத்தில் என்று தெரியாமலே அந்தச் சிவப்பு ரேகைகள் அவள் கண்ணுக்குப் படாமல் போயின. வடிவு நெட்டை என்று தெரிந்துகொண்டாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள், யாராவது ஓடத்தில் அழுதால் ஆற்றைப் பார்த்து ஏதாவது கேலி பேசிச் சிரிக்கவைப்பாள், கருப்பட்டி என்றால் உயிர். குருசாமி சாப்பிடக் கூப்பிட்டார், அவள் உம் என்றாள், பிறகு அவரே உலை வைத்தார். நான்காம் நாள் நானூற்றுப் பன்னிரண்டைத் தாண்டித் தாளைத் திருப்பினாள், அங்கிருந்து ரேகையும் இல்லை, புள்ளியும் இல்லை, வெறும் தாள். அங்கே தங்கப்பழம் வரவில்லை. தான் மட்டுமே வடிவோடு இருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அடுத்த கணம் பயம் பிடித்துக்கொண்டது, வேகமாகப் படிக்கப் பழகின அந்தக் கண்கள் வரிக்கு வரி நின்றன, அவளை அறியாமல் அவளுடைய விரல் எழுத்தின் மேல் போயிற்று, உதடு அசைந்தது.

வடிவு ஆற்றோடு போகவில்லை. ஒடிந்த துடுப்பை வைத்துக்கொண்டே பிள்ளைத்தாய்ச்சியைக் கரை சேர்த்தாள். "ஏங்க, பொழச்சுட்டாங்க!" என்று ஜெயக்கொடி போட்ட சத்தத்தில் குருசாமி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். முப்பது பக்கம் சிரித்துக்கொண்டே படித்தாள். நானூற்று ஐம்பத்தைந்தில் மழை விட்டு மார்கழி வந்தது. அவ்வளவு வெள்ளத்தை நீந்தினவளுக்குப் பனி ஆகவில்லை, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் அடியில் கோணிச் சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்தவள், அக்கரையில் யாரோ ஓடத்துக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தாள், எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டவன் காத்துப் பார்த்துவிட்டு, பாலம் இருக்கிற ஊருக்கு நடந்து போய்விட்டான். அவ்வளவுதான், வடிவும் முடிந்தாள், கதையும் முடிந்தது, அதற்குப் பிறகு தாள் இல்லை.

ஜெயக்கொடி அந்தக் கடைசித் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். குரோதத்தில் சும்மா சொன்ன சாவு, சொன்னபடியே வந்து நிற்கிறது. நான் சொல்லித்தான் செத்துவிட்டாளோ, என் வாயில்தான் விழுந்துவிட்டாளோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஐயோ வடிவு, ஐயோ என் தாயி என்று வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். ஆயிரம் பொய் சொன்ன வாய், இன்னும் ஒன்று சொன்னால் என்ன? வடிவு பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடவேண்டியது, கடைசிப் பத்துத் தாள் தண்ணீரில் போய்விட்டது என்று சொல்லிக் கிழித்துக் கண்மாயில் போட்டுவிடவேண்டியது. கிழிக்கக் கையை வைத்தாள். கை வரவில்லை. சரி, பொய்யை மட்டும் சொல்வோம் என்று புத்தகத்தைப் பையில் சுற்றிக்கொண்டு, கொட்டுகிற மழையில் குடையை மறந்து நடந்தாள்.

தங்கப்பழம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆறு ஓடியது. ஜெயக்கொடி தூரத்தில் வரும்போதே, "ஆத்தோட போகல தங்கப்பழம்! பொழச்சுட்டா! கரையேறிட்டா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். முகத்தில் சிரிப்பை இழுத்துக் கட்டியிருந்தாள்.

தங்கப்பழம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு மேலே பார்த்தாள்.

"அக்கா, உங்க தலையில பனி இறங்குது."

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். அவ்வளவு மழையில் நடந்து வந்தும் சேலையில் ஒரு இடம் நனைந்திருக்கவில்லை. அவளைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கு மழை விலகி நின்றது, அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று மூட்டம், முந்தானைக் கரையில் பொடிப்பொடியாய்ப் பனித்துளி, மூச்சு விட்டால் புகை வந்தது. எத்தனை மாதமாக எதற்காக அண்ணாந்து அண்ணாந்து கழுத்து நோகக் கிடந்தாளோ அது வந்திருக்கிறது, வழியெல்லாம் கூடவே வந்திருக்கிறது, தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவளுக்கு அது இப்போது எதற்கும் உதவாத ஒன்றாகத் தெரிந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்க வந்த சனியன் என்று கூட நினைத்தாள்.

"புஸ்தகத்துல மார்கழி வந்துருச்சா?" என்றாள் தங்கப்பழம்.

"வந்துருச்சு."

"அவளுக்குப் பனி ஆகாதேக்கா. நூத்தி எண்பதாம் பக்கத்துலேயே நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு இருமினாளே."

ஜெயக்கொடியின் முகத்தில் கட்டி வைத்த சிரிப்பு அவிழ்ந்து விழுந்துவிட்டது. தங்கப்பழத்துக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கேட்டாள்.

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. தனியாத்தான் கெடந்தா."

தங்கப்பழம் நிமிர்ந்து ஜெயக்கொடியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெயக்கொடிக்குத் தெரியும், ஆறு மாதமாகத் தினமும் தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்த அதே பார்வை. "நீங்க இருந்தீகளே" என்றாள் தங்கப்பழம். "வெள்ளத்துலேயும் மழையிலேயும் ஆறு மாசமா அவகூடக் கெடந்தவ நான். கடைசி நேரத்துல நீங்க போயி இருந்துட்டீகளேக்கா."

புத்தகத்தை வெடுக்கென்று வாங்கினாள். படியில் சாய்ந்து உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டைத் திருப்பி, நானூற்றுப் பதிமூன்றில் விரலை வைத்தாள். மழைச் சத்தத்தில் ஏதோ ஒன்று மாறியது. தெருவில் ஒன்றிரண்டு பேர் கையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். ஜெயக்கொடி பனியில் பல் கிட்டிக்க நின்றாள். வடிவைப் பற்றிப் பேச ஊரிலேயே தனக்கு வேறு ஆள் கிடையாது என்று நினைத்தாள். "நானும் கொஞ்சம் பக்கத்துல ஒக்காரட்டுமா, தங்கப்பழம்?" என்று கேட்டாள். தங்கப்பழம் விரலை எடுக்காமல் புத்தகத்தை மட்டும் அவளுக்குத் தெரியாதபடி அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.